நான் வெட்டிய நாலு வரிகள்

முப்பத்துநாலு வருஷம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தேன். அதில் நான் அதிகம் செய்த வேலை எது என்று கேட்டால் எழுதியது என்று சொல்ல மாட்டேன். வெட்டியதுதான். இண்டென்ட் என்று ஒன்று வரும். இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை, இன்ன விலை என்று பட்டியல் போட்டு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அனுப்புவார்கள். அதில் நாலு வரியையாவது சிவப்பு மையால் அடித்து "தவிர்க்கலாம்" என்று ஓரத்தில் எழுதினால்தான் அன்றைக்கு வேலை பார்த்த திருப்தி எனக்கு. மேலதிகாரிகளுக்கும் அது பிடித்தது. சிக்கனமான ஆள் என்று பெயர் வாங்கினேன்.

அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. என் வீட்டிலேயே ஒரு பட்டியலை வெட்டினேன். அந்தக் கதைதான் இது.

என் மருமகள் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து வந்தாள். பேரன் பிறந்த பிறகு அந்த வேலை இல்லாமல் போயிற்று. செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் போய்வரும் வேலை வேண்டாம், வீட்டிலிருந்தே ஏதாவது செய்கிறேன் என்றாள். பாலிமர் க்ளேயில் காதணி செய்யப் போவதாக ஒரு நாள் சொன்னபோது எனக்கு அது என்னவென்றே தெரியாது. களிமண் என்றதும் கொலு பொம்மைதான் நினைவுக்கு வந்தது.

"மண்ணுக்கு எதற்கம்மா காசு? கொளவாய் ஏரியில் கிடைக்காத மண்ணா?" என்று கேட்டேன்.

"அது மண்ணே இல்லை மாமா" என்றாள்.

உண்மைதான். பேரில் மட்டும்தான் அது மண். பி.வி.சி. என்று குழாய்க்குச் சொல்கிறோமே, அந்தப் பிளாஸ்டிக்கின் நுண்ணிய தூள் அது. அதோடு மிருதுவாக வைத்திருக்க ஒரு எண்ணெய்ப் பொருளும் நிறமும் சேர்ந்திருக்கும். காற்றில் வைத்தால் காயாது. சூடு பட்டால் தூளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். டெரகோட்டா என்கிற சுடுமண் நகை வேறு. அதைக் காயவைத்து, மரத்தூளும் கரியும் போட்டுச் சுட வேண்டும். நல்ல தீயும் புகையும் வேண்டும். எங்கள் மாதிரி நெருக்கமான தெருவில் மொட்டை மாடியில் புகை போட்டால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். இதற்கு ஒரு சின்ன மின்சார அடுப்பு போதும். காதில் கனக்காது, வர்ணம் தனியாகப் பூச வேண்டியதில்லை.

அவள் வாங்கி வந்த ஒரு பொட்டலத்தில் ஃபிமோ என்று போட்டிருந்தது. எங்கேயோ கேட்ட பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்நாளில் எங்களுக்குப் பிசைந்து விளையாடக் கொடுத்த மாவுக்குப் 'பாத் அ மொத்லே' என்று பெயர். பிற்பாடு பிரான்சில் குடியேறிவிட்ட உறவினர் வீட்டுப் பிள்ளைகள் 'பாத் ஃபிமோ' என்று ஒன்றைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுதான் இது. ஜெர்மனியில் கேத்தே க்ரூசே என்று ஒரு அம்மாள் பொம்மை செய்வதில் பேர்போனவர். பொம்மைத் தலை செய்ய இந்த மாதிரிப் பொருள் அவரிடம் வந்திருக்கிறது. அவருக்கு அது ஒத்துவரவில்லை. அவருடைய மகள் அதை எடுத்துக் கையாண்டு பார்த்து, 'ஃபிஃபி மொசாயிக்' என்ற பெயரில் விற்றார். ஃபிஃபி என்பது அந்த மகளின் செல்லப்பெயர். 1964-இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை வாங்கியது. அப்புறம் ஃபிமோ ஆயிற்று. தாய்க்கு உதவாதது மகளுக்கு உதவியது என்று மருமகளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பட்டியலை என் கையில் கொடுத்தாள். என் பென்ஷனிலிருந்து கடனாகத் தரும்படி கேட்டாள். சும்மா வேண்டாம், கணக்கு வைத்துத் திருப்பித் தருகிறேன் என்றாள்.

பட்டியல் இப்படி இருந்தது. 57 கிராம் கட்டி பத்து, ரூ.2,800. உருட்டுவதற்கு அக்ரிலிக் உருளை, 250. மெல்லிய நீளக் கத்தி, 200. பூ, வட்டம், இலை வடிவ அச்சுகள், 450. ஊசியும் குமிழ்முனைக் குச்சிகளும், 200. களிமண்ணை மெல்லிய தகடாக்க பாஸ்தா மெஷின், 2,200. தனி ஓ.டி.ஜி. அடுப்பு, 3,800. அடுப்புக்குள் வைக்கும் தெர்மாமீட்டர், 450. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரித்தாள், 120. இரண்டு குறடுகள், 400. காது கொக்கி, வளையம், கம்பி ஊசி வகையறா, 600. பட்டர் பேப்பர், 100. கையுறை, முகமூடி, 100. வார்னிஷ், 350. மொத்தம் ரூ.12,020.

என் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். நாலு வரியை அடித்தேன்.

தனி அடுப்பு வேண்டாம், பரணில் பழைய ஓ.டி.ஜி. கிடக்கிறது. பாஸ்தா மெஷின் வேண்டாம், சப்பாத்தி இடுகிற கை இருக்கிறது. கையுறை, முகமூடி வேண்டாம், இது என்ன ஆஸ்பத்திரியா? தெர்மாமீட்டர் வேண்டாம், அடுப்பின் குமிழிலேயே எண் போட்டிருக்கிறதே. ரூ.6,550 மிச்சம். ரூ.5,470-க்கு ஒப்புதல் அளித்தேன்.

தெர்மாமீட்டரை அடித்தபோது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "மாமா, அது மட்டும் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் பொட்டலத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பல பாஷைகளில் குறிப்பு அச்சாகியிருந்தது. பிரெஞ்சும் இருந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்து மொழிபெயர்த்தேன். 110 டிகிரி, 30 நிமிஷம். "அவ்வளவுதானே? குமிழை 110-இல் வை, அரை மணி வை. இதற்கு நானூற்றைம்பது ரூபாயா?" என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. காசு கொடுக்கிறவரிடம் யார் பேசுவார்கள்?

அப்புறம் நடந்ததை நானும் கூட இருந்து பார்த்தேன். பேரன் தூங்கும் மத்தியான நேரத்தில் வேலை நடக்கும். வீடு கட்டியபோது மிஞ்சிய வழவழப்பான டைல்ஸ் ஒன்றுதான் வேலைப் பலகை. களிமண் அதில் ஒட்டாது, செய்ததை அப்படியே டைல்ஸோடு அடுப்பில் வைத்துவிடலாம், சூடும் சீராகப் பரவும். முதலில் கட்டியை நன்றாகப் பிசைந்து பதப்படுத்த வேண்டும். பதம் வராவிட்டால் ஓரங்கள் வெடிக்கும். பிறகு உருட்டி, அச்சால் வெட்டி, ஊசியால் துளை போட்டு, சுட்டு, ஆறவைத்து, 400, 600, 800 என்று எண் கூடும் எமரித்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் குறடால் வளையத்தைத் திறந்து கொக்கி மாட்ட வேண்டும். வளையத்தை அகலமாக விரிக்கக் கூடாதாம். ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருகித்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டம் திரும்பச் சேராது.

பல நிறக் கம்பிகளை ஒன்றாகக் கட்டி நீளமாக இழுத்து, பிறகு வாழைத்தண்டு நறுக்குவது போல் நறுக்குவாள். ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ இருக்கும். அதைப் பார்த்தபோது எனக்கு அரிக்கமேடு ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் என் பால்ய காலத்தில் மழை விட்டதும் அரியாங்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே மணி பொறுக்கப் போவார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பிறகு 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுக்காரரும் தோண்டிய இடம். அங்கே கிடைத்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளும் இந்த முறைதான். உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனை மழுக்கியவை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய வேலையை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்க்கிறேன் என்று ஒரு சந்தோஷம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, அந்த மணியைச் செய்தவனுக்குச் சூடு பார்க்கத் தெரிந்திருந்தது என்று.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் சங்கு, சிப்பிச் சாமான் விற்கும் ஒரு பெண்மணியின் கடை. மருமகள் அங்கே போய்ப் பேசி முப்பது ஜோடி கொடுத்துவிட்டு வந்தாள். மீன், சிப்பி, ரதத்தின் நிழலுரு என்று அந்த ஊருக்கு ஏற்ற வடிவங்கள். ஜோடி 150 ரூபாய். விற்ற பிறகு பணம். இரண்டு வாரத்தில் பதினோரு ஜோடி போய்விட்டது என்று சேதி வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

மூன்றாவது வாரம் வேறு சேதி வந்தது. வாங்கிப் போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்து, காதணி முறிந்துவிட்டது என்று சண்டை போட்டிருக்கிறார்கள். கடையில் தொங்கியதிலேயே நாலு, கை பட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டதாம். "இனிமே வேணாம்மா, என் கடை பேர் கெட்டுப் போகும்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். மிச்சத்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்.

மருமகள் அழவில்லை. மேசையைத் துடைத்து, கத்தியையும் உருளையையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, பரண் மேலே வைத்தாள். என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து யாருக்கும் சொல்லாமல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதே நானூற்றைம்பது ரூபாய். அவள் வெளியே போயிருந்தபோது ஓ.டி.ஜி.க்குள் வைத்து, குமிழை 110-க்குத் திருப்பி, கால் மணி நேரம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முள் 85-ஐத் தாண்டித் தயங்கியது. 90-க்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. குமிழை 130-க்கும் மேலே திருப்பிய பிறகுதான் உள்ளே 110 வந்தது.

குமிழில் இருந்த எண் பொய். அந்த எண்ணை நம்பச் சொன்னவன் நான். அந்தச் சூட்டில் களிமண் வெளிப்பார்வைக்கு இறுகும், ஆனால் உள்ளே தூளும் தூளும் சரியாக ஒட்டியிருக்காது. வெந்ததும் வேகாததும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். வாரக்கணக்கில் காத்திருந்து ஒரு நாள் பொட்டென்று முறியும்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். கடைக்குப் போகக் கால் வரவில்லை. வழியில் ஒரு சிற்பக்கூடத்து நிழலில் உட்கார்ந்தேன். அங்கே ஒருவர் சின்ன உலையில் உளிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கருங்கல்லில் அடிக்கிற உளி சீக்கிரம் மழுங்கிவிடும். மறுபடி காய்ச்சி, முனையைத் தட்டி, தண்ணீரில் தோய்க்க வேண்டும். சூடு கூடினால் முனை தெறித்துவிடும், குறைந்தால் மடங்கிவிடும் என்றார்.

"சரியான சூடு எப்படிங்க தெரியுது?" என்று கேட்டேன்.

"நெறம்தான் சார் சொல்லும். இரும்பு பொய் சொல்லாது" என்றார்.

எனக்கு யாரோ தலையில் குட்டினது போல் இருந்தது. இரும்புக்கு நிறம் இருக்கிறது. சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் இருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக் களிமண் அடுப்புக்குள் எந்த அடையாளமும் காட்டாது. கருகினால்தான் நிறம் மாறும், அதற்குள் மூக்கை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்துவிடும். அவளுக்கு இருந்த ஒரே கண் அந்தத் தெர்மாமீட்டர். அதைத்தான் நான் அடித்தேன்.

கடைக்காரப் பெண்மணியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "பொண்ணு மேல தப்பில்லைம்மா. அடுப்புக்குத் தெர்மாமீட்டர் கேட்டா, நான்தான் வேணாம்னுட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். முறிந்ததற்கெல்லாம் புதிது கொடுக்கிறோம் என்றேன். "முதல்ல பத்து ஜோடி கொண்டாரச் சொல்லுங்க. பார்க்கலாம்" என்றார். மீதி ஜோடிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் தெர்மாமீட்டரை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பரணிலிருந்து டின்னை இறக்கினாள். வேகாதது வீண் அல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் களிமண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் அடுப்பில் வைக்கலாம். முதலில் வேகாததைச் சரியான சூட்டில் மறுபடி வைத்தால் இறுகிவிடும். திரும்பி வந்தவற்றை எல்லாம் அன்று மாலை 110-இல் அரை மணி வைத்தாள். கூடவே மெல்லிய பட்டை ஒன்றையும் வைத்தாள். ஆறியதும் அதை என் கையில் கொடுத்து, "வளைச்சுப் பாருங்க மாமா" என்றாள். வில்லாக வளைந்தது. முறியவில்லை. இப்போது ஒவ்வொரு முறை அடுப்பு வைக்கும்போதும் அந்தப் பட்டை ஒன்று உள்ளே போகும். வளைத்துப் பார்ப்பது என் வேலை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ பேத்தியோ இதைத் தொடங்கலாம். ஆகவே நான் அடித்த நாலு வரியின் இறுதிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

தனி அடுப்பை அடித்தது சரி, ஏனென்றால் பரணில் இருந்த அடுப்பில் இனி யாரும் கேக் செய்யப் போவதில்லை. ஒரே அடுப்பில் இதையும் சாப்பாட்டையும் வைக்காதீர்கள். இதற்கு எடுத்த கத்தி, உருளை எதுவும் சமையல்கட்டுக்குத் திரும்பக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாஸ்தா மெஷினை அடித்தது பாதி சரி. பத்து ஜோடிக்குக் கை போதும். நூறு ஜோடிக்கு மணிக்கட்டு வீங்கிவிடும். அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நாலாவது மாதம் நானே வாங்கிக் கொடுத்தேன். கையுறை, முகமூடியை அடித்தது தப்பு. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது என்பது உண்மை. ஆனால் உலரத் தேய்க்கும் நேரமும் வரும். கையுறை போட்டால் வெள்ளை நிறத்தில் விரல் ரேகை படியாது. தெர்மாமீட்டரை அடித்தது பெரிய தப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டில் மாற்று இருக்கிறது. உருளைக்குக் கண்ணாடி பாட்டில், அச்சுக்குப் பேனா மூடி, ஊசிக்குத் தையல் ஊசி. தெர்மாமீட்டருக்கு மாற்று இல்லை.

இன்னும் ஒன்று. நம் ஊர்க் கத்திரி வெயிலில் கட்டிகளை ஜன்னல் ஓரத்திலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்காதீர்கள். உபயோகிப்பதற்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும். கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவிலும் நேராக வைக்காதீர்கள். களிமண்ணில் உள்ள எண்ணெய் அந்த டப்பாவையே அரித்துவிடும். பாலித்தீன் பையில் சுற்றி வைத்தால் போதும்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உத்தியோகத்தில் இருந்தபோது வெட்டிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் வருஷா வருஷம் கரையான் மருந்து கேட்பார். பெரிய தொகை ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் தொடர்ந்து "தவிர்க்கலாம்" என்று அடித்தேன். நாலாவது வருஷ மழைக்குப் பிறகு கீழ்த் தட்டில் இருந்த பழைய பணிப்பதிவேடுகள் மண்ணாகக் கிடந்தன. அதில் ஒருவருடைய பதிவேடு இல்லாமல், அவர் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பல மாதம் அலைந்தார். என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில்தான் வந்து உட்காருவார். அந்த வரியை அடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது. கோப்பைப் பார்த்தவர்களும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். காலம் கடந்துதான்.

மருமகள் என் கடனில் ஆறாயிரம் வரை திருப்பிவிட்டாள். மாமல்லபுரம் கடையில் இப்போது மாதம் இருபது ஜோடி எடுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் புதுப் பட்டியல் ஒன்று போட்டு என்னிடம் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் "இது எதற்கம்மா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். சிவப்புப் பேனா மேசையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.